சிங்கப்பூரில் ஸ்டார்ட்அப் நிறுவனத்துக்கு நல்ல ஆள் எடுப்பது எப்படி: வரிசை மாறாத வழிகாட்டி

புதிதாக நிறுவனம் தொடங்கியவர்கள் ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஒருவரைப் பிடித்துவிடுகிறார்கள்: பழைய அலுவலக நண்பர், மைத்துனரின் வகுப்புத் தோழர், லிங்க்ட்இன்னில் பளிச்சென்று எழுதுபவர். பிறகுதான் அவருக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம், வேலை அனுமதி கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக யோசிக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும்போது அவர் சென்னையில் ராஜினாமா கடிதம் கொடுத்திருப்பார்.

சிங்கப்பூரில் வரிசை முக்கியம். சில படிகளைப் பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாது. கீழே உள்ளது மூன்று பேர் முதல் இருபது பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கானது. எண்கள் 2026 தொடக்க நிலவரப்படி; மனிதவள அமைச்சு இவற்றை அடிக்கடி உயர்த்துகிறது, ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அமைச்சின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. விளம்பரத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

நிறுவனப் பதிவு எண், கார்ப்பாஸ் கணக்கு (அரசு இணையச் சேவைகளுக்கான நிறுவன நுழைவுக் கணக்கு), மத்திய சேமநிதிக் கழகத்தில் முதலாளி என்ற முறையில் ஒரு கணக்கு, அதற்கான ஜைரோ ஏற்பாடு (வங்கியிலிருந்து தானாகப் பணம் செலுத்தும் வசதி). இவை நான்கும் முதல் ஊழியர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும். ஒவ்வொன்றும் சிறிய வேலைதான். ஆனால் முதல் சம்பள நாளில் நான்கையும் சேர்த்துச் செய்யப் பார்த்தால் ஒரு வாரம் போய்விடும்.

அடுத்தது பணம். எடுக்கப்போகும் ஆளின் பன்னிரண்டு மாதச் செலவு வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முதலீடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஆள் எடுப்பவர்கள், நல்ல ஊழியரை ஏழாவது மாதத்தில் அனுப்பிவிட்டு, அதன்பின் எங்கு விளம்பரம் போட்டாலும் அந்தக் கதை தங்களுக்கு முன்னே போய் நிற்பதைப் பார்க்கிறார்கள். இந்த ஊர் சின்னது.

2. வேலையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பதவிப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். "மார்க்கெட்டிங் மேலாளர் வேண்டும்" என்பது வேலை விவரம் ஆகாது. ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இவர் வந்த ஆறாவது மாதத்தில் இப்போது இல்லாத எது இருக்கும்? அந்த வேலையை இன்று யார் செய்கிறார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? இவர் வராவிட்டால் எது நின்றுபோகும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் இப்போது ஆள் வேண்டாம். பகுதிநேரமாக ஒருவரை அமர்த்தினாலோ, வெளியே ஒப்பந்தத்துக்கு விட்டாலோ போதும். இரண்டாவது கேள்விக்கு "வாரத்துக்கு எட்டு மணி நேரம்" என்று வந்தாலும் அப்படியே.

இந்தத் தாளை இணை நிறுவனர்கள் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் விற்பனைக்கு ஆள் தேடுகிறார், மற்றவர் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் தேடுகிறார் என்பது இங்கேயே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் வந்து சேருபவர் இரண்டு முதலாளிகளிடம் இரண்டு வேலை பார்ப்பார். மூன்று மாதத்தில் "ஆள் சரியில்லை" என்பார்கள்.

3. உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

முப்பது வயதுச் சிங்கப்பூரர் ஒருவருக்கு மாதம் 5,000 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 55 வயது வரையிலான ஊழியருக்கு மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, அதாவது 850 வெள்ளி. திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 விழுக்காடு, அதிகபட்சம் 11.25 வெள்ளி. ஆக உங்கள் கையிலிருந்து போவது 5,861.25 வெள்ளி. இதில் மடிக்கணினி, மருத்துவக் காப்புறுதி, மென்பொருள் உரிமங்கள் எதுவும் சேரவில்லை.

ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. அவர் கைக்கு வருவது 4,000 வெள்ளி; இந்தியர் என்றால் இந்தியச் சமூக உதவிக்கான சிண்டா நிதிக்கும் சில வெள்ளி பிடிக்கப்படும். சேமநிதிக்குக் கணக்கில் கொள்ளப்படும் மாதச் சம்பள உச்சவரம்பு 2026 ஜனவரியிலிருந்து 8,000 வெள்ளி. எனவே அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் மாதச் சம்பளத்துக்கான உங்கள் பங்கு 1,360 வெள்ளியைத் தாண்டாது. போனசுக்குத் தனிக் கணக்கு உண்டு.

நிரந்தரவாசியானால் எந்த ஆண்டில் நிரந்தரவாசம் கிடைத்தது என்று கேளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கு விகிதம் குறைவு. மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம். இதைக் கேட்காமல் முதல் நாளிலேயே முழுதாகப் பிடித்துவிட்டு, பிறகு திருத்தக் கடிதம் எழுதுபவர்கள் நிறைய.

4. எந்த அனுமதி தேவைப்படும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் படி இது. ஊரில் திறமையான ஆட்களை நமக்குத் தெரியும். அவர்களும் வரத் தயாராக இருப்பார்கள். இடையில் இருக்கும் கணக்கை மட்டும் யாரும் முதலில் போட்டுப் பார்ப்பதில்லை.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்பது வெளிநாட்டு நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்குமான வேலை அனுமதி. அதற்குக் குறைந்தபட்ச நிலையான மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித் துறையில் 6,200. இது இருபத்து மூன்று வயதுக்காரருக்கான எண். வயது ஏற ஏற இது கூடி, நாற்பத்தைந்தில் 10,700 வெள்ளியை எட்டும். நாற்பது வயது அனுபவசாலியை 6,000 வெள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற திட்டம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது காம்பஸ் என்ற புள்ளி முறை. 2023 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கு நடப்பில் உள்ளது. 40 புள்ளிகள் வேண்டும். அடிப்படை அளவுகோல்கள் நான்கு: சம்பளம், கல்வித் தகுதி, ஊழியரணியின் பன்முகத்தன்மை, உள்ளூர் வேலைவாய்ப்புக்கு நிறுவனம் தரும் ஆதரவு. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. இவை தவிர, பற்றாக்குறை வேலைகளின் பட்டியலில் உள்ள பணிகளுக்கும், பொருளியல் முன்னுரிமைத் திட்டங்களில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு.

சிறு நிறுவனங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் நிலையில் 25க்கும் குறைவான ஊழியர்கள் இருந்தால், அடிப்படை அளவுகோல்கள் நான்கில் பின் இரண்டிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். ஆக 20 கையில் இருக்கிறது. மீதி 20 சம்பளத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் வர வேண்டும்.

கோயம்புத்தூரில் பொறியியல் படித்த முப்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு 10 புள்ளி. சம்பளத்தில் இன்னொரு 10 வேண்டும். அதற்கு, அதே துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்கும் சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் 65ஆம் விழுக்காட்டு இடத்தில் இருக்கும் சம்பளத்தையாவது அவருக்குத் தர வேண்டும். இது துறைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். 5,600 வெறும் வாசல்படி. வீட்டுக்குள் நுழையத் தனிக் கணக்கு. அமைச்சின் முதல்நிலைக் கல்வி நிலையப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் படிப்புக்கே 20 கிடைக்கும், சம்பளப் புள்ளி தேவைப்படாது. பட்டமே இல்லாத கெட்டிக்கார நிரலாளர் என்றால் சம்பளத்திலேயே 20 எடுக்க வேண்டும். அதற்கான அளவு 90ஆம் விழுக்காடு. அமைச்சின் தளத்தில் இதற்கென்று ஒரு சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. நேர்காணலுக்கு முன்பே அதில் விவரங்களை உள்ளிட்டுப் பாருங்கள்.

படிப்புக்குப் புள்ளி கேட்டால், சான்றிதழ் உண்மையானது என்று மூன்றாம் தரப்பு சரிபார்ப்பு நிறுவனத்திடம் பெற்ற ஆதாரம் வேண்டும். சில கல்லூரிகளிலிருந்து பதில் வர நாள் பிடிக்கும். விண்ணப்பத்தை அமைச்சு பெரும்பாலும் பத்து வேலை நாள்களுக்குள் பார்த்துவிடுகிறது. தாமதம் ஆவது சான்றிதழில்தான். ஆகவே கடைசிச் சுற்றுக்கு வருபவரிடம் அப்போதே இதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

"அப்படியானால் எஸ் பாஸில் கொண்டுவரலாமே" என்று யாராவது சொல்வார்கள். எஸ் பாஸ் என்பது இடைநிலைத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி. அதற்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: சேவைத் துறையில் மொத்த ஊழியரணியில் 10 விழுக்காடு. மூன்று பேர் இருக்கும் நிறுவனத்துக்கு அது பூஜ்யம். கூடவே மாதம் 650 வெள்ளி தீர்வையும் உண்டு. தொடக்க நிலையில் இதை மறந்துவிடலாம்.

இன்னொரு குறுக்கு வழியும் காதில் விழும்: விண்ணப்பத்தில் அதிகச் சம்பளம் காட்டி, ஊழியரிடமிருந்து ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொள்வது. இது குற்றம். வெளிநாட்டு மனிதவள வேலைநியமனச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அப்படிச் செய்யத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால் அந்த ஆளை எடுக்க உங்களிடம் பணம் இல்லை என்று பொருள்.

5. விளம்பரம்: எங்கே, எப்படி

மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் தொடர்ந்து விளம்பரம் செய்த பிறகே எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். இது நியாயமான பரிசீலனைக் கட்டமைப்பின் விதி. பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் போட்டுவிடுங்கள். தளம் இலவசம், உள்ளூர் விண்ணப்பங்கள் வரும். பத்தாவது ஆளை எடுத்த பிறகு இந்த விதியை முதல்முறையாகக் கேள்விப்படுவதைவிட இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

விளம்பர வாசகத்தில் "துடிப்பான", "எதையும் செய்யத் தயாரான", "குடும்பம் போன்ற சூழல்" ஆகிய மூன்றையும் வெட்டுங்கள். அனுபவமுள்ளவர்கள் இவற்றை "வேலை நேரம் தெரியாது, பொறுப்பு தெரியாது, சம்பளம் குறைவு" என்று படிக்கிறார்கள். இரண்டாம் படியில் எழுதிய ஆறு மாத இலக்கை அப்படியே எடுத்துப் போடுங்கள். "ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் தரும் நேரம் இரண்டு நாளிலிருந்து நான்கு மணி நேரமாக வேண்டும், அதை நீங்கள் நடத்துவீர்கள்." இதைப் படித்துவிட்டு வருபவர் வேறு ரகம்.

வயது, இனம், பால், சமயம், திருமண நிலை எதையும் விளம்பரத்தில் குறிப்பிடாதீர்கள். மொழி கேட்கலாம், ஆனால் வேலைக்கு அது ஏன் தேவை என்று அதே வரியில் இருக்க வேண்டும்: "லிட்டில் இந்தியாவில் உள்ள கடைக்காரர்களிடம் தமிழில் பேச வேண்டியிருக்கும்." அலுவலகத்தில் எல்லோரும் தமிழர் என்பது காரணம் ஆகாது.

ஆள் கிடைக்கும் இடங்களைப் பொறுத்தவரை என் கணிப்பு இது. ஆயர் ராஜாவின் புளோக் 71 வட்டாரத்தில் நடக்கும் சந்திப்புகளில் நிறுவனர்கள் அதிகம், வேலை தேடுபவர்கள் குறைவு. இளையவர்களுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் வேலைப் பயிற்சித் திட்டங்கள் நல்ல வழி. பல மாதம் கூட இருந்து வேலை செய்த மாணவரைப் பற்றி உங்களுக்குத் தெரிவது எந்த நேர்காணலிலும் தெரியாது. நடுவயதில் துறை மாறுபவர்களை ஸ்டார்ட்அப்கள் கண்டுகொள்வதே இல்லை. அவர்களை எடுத்துப் பயிற்றுவிக்க, வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களின் கீழ் ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பு சம்பள மானியமும் தருகிறது.

வாட்ஸ்அப் குழுக்களில் போடலாம். ஆனால் அங்கே வருபவரும் மற்றவர்களைப் போல அதே விண்ணப்பம், அதே சோதனை வழியாகவே வர வேண்டும். "அண்ணன் சொன்னார்" என்று பக்கவாட்டுக் கதவில் வந்தவரைப் பின்னால் வேலையைவிட்டு நீக்கும்போது அண்ணனும் வந்து நிற்பார்.

6. விண்ணப்பங்களைச் சலிப்பது

முதல் சுற்றில் மூன்று விஷயம் போதும்: வேலைக்குத் தேவையான திறன் ஒன்றாவது நிரூபணமாக இருக்கிறதா, சம்பள எதிர்பார்ப்பு உங்கள் வரம்புக்குள் இருக்கிறதா, அனுமதிக் கணக்கு ஒத்துவருகிறதா. பதினைந்து நிமிடத் தொலைபேசி உரையாடலில் இவை முடிந்துவிடும்.

விண்ணப்பப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். சட்டம் கட்டாயமாகக் கேட்காத இடத்தில் அதைச் சேகரிக்கக்கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் கிடைத்த பழைய படிவத்தை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். படம் ஒட்டும் கட்டத்தையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.

7. நேர்காணல்: எல்லோருக்கும் ஒரே கேள்விகள்

ஐந்து கேள்விகளை முன்பே எழுதி வைத்து, வருகிற அனைவரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் பேசுபவரிடம் சுவாரசியமான கேள்விகளும் கூச்சப்படுபவரிடம் கஷ்டமான கேள்விகளும் போய்ச் சேரும். பிறகு இருவரையும் ஒப்பிட வழியே இல்லை.

"நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று கேட்காமல் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். பதில் வந்ததும் தோண்டுங்கள்: அப்போது யார் எதிர்த்தார்கள், என்ன செலவானது, உங்கள் பங்கு எது. "நாங்கள், நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருப்பவரிடம் "அதில் நீங்கள் செய்தது?" என்று மரியாதையாக ஒருமுறை கேட்டால் போதும்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. தமிழர் ஒருவர் எதிரே உட்கார்ந்ததும் "சொந்த ஊர் எது? வீட்டில் யார் யார்? கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று ஆரம்பித்துவிடுவோம். அது அன்பாகக் கேட்பதுதான். ஆனால் நேர்காணல் அறையில் அந்த நான்கு கேள்விகளும் தேசியம், திருமண நிலை, குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு பற்றியவை ஆகிவிடுகின்றன. வேலை கிடைக்காதவர், பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னதால்தான் கிடைக்கவில்லை என்று நினைக்க இடமுண்டு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் நடப்புக்கு வரும்போது 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதலில் ஐந்தாண்டு விலக்கு உண்டு. என்றாலும் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இன்றும் எல்லோருக்கும் பொருந்தும். தேசிய சேவைக் கடமைகளைக் காரணம் காட்டி ஆண்களைத் தள்ளிவைப்பதும் அந்த நெறிமுறைகளுக்கு எதிரானது. ஊர் விசாரிப்பைச் சேர்ந்த பிறகு மதிய உணவில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. செய்து காட்டச் சொல்லுங்கள்

நேர்காணலைவிட இந்தப் படியைத்தான் நான் நம்புகிறேன். வேலையின் ஒரு சிறு துண்டை, இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

மளிகைக் கடைகளுக்குக் கணக்குச் செயலி செய்யும் சிறு நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளர் ஆதரவுக்கு ஆள் தேடியது. சோதனைக்கு ஒரு விரிதாள் தயாரித்தோம். அதில் 2023 டிசம்பர், 2024 ஜனவரி பில்கள் கலந்திருந்தன. ஒரே கடையின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தது. தொகையைக் குறைக்கும் கழிவுச் சீட்டு (கிரெடிட் நோட்) ஒன்று சாதாரண பில் போலப் பதிவாகியிருந்தது. ஜனவரி தேதியிட்ட இரண்டு பில்களில் பொருள் சேவை வரி 9 விழுக்காடாக இல்லாமல் பழைய 8 விழுக்காடாகவே இருந்தது. கேள்வி ஒரே வரி: "இந்தக் கடை எவ்வளவு வரி கட்ட வேண்டும்?"

ஒருவர் நேரம் முடிவதற்கு முன்பே அழகான வண்ண வரைபடத்தோடு மொத்தத் தொகையைக் கொடுத்தார். தொகை தவறு, கழிவுச் சீட்டைக் கூட்டலில் சேர்த்திருந்தார். இன்னொருவர் வரைபடம் எதுவும் போடவில்லை. இரண்டு வரிசைகளை மஞ்சளாக்கிவிட்டு வந்து கேட்டார்: "இந்த இரண்டு பில்லுக்கும் சரக்கு டிசம்பரிலேயே போய்விட்டதா, அல்லது பில் போட்டவர் விகிதத்தை மாற்ற மறந்துவிட்டாரா? கடைக்காரரைக் கேட்காமல் இதற்கு மட்டும் எண் சொல்ல மாட்டேன். மற்றதற்கு இதோ." சரக்கு ஆண்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தால் 8 விழுக்காடு சரியாகவே இருக்கலாம். ஆகவே அவர் நின்ற இடம் சரியான இடம். முதலாமவர் நேர்காணலில் எல்லோரையும் கவர்ந்தவர். வேலை இரண்டாமவருக்குப் போனது.

சோதனை அமைக்கும்போது இந்த மாதிரி ஒரு முடிச்சு இருக்கட்டும்: தகவல் போதாமல் நின்று கேட்க வேண்டிய ஓர் இடம். சிறு நிறுவனத்தில் தினமும் நடப்பது அதுதான்.

சட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. வேறு நிறுவனத்தின் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவரையோ, சுற்றுலா அனுமதியில் வந்திருப்பவரையோ "ஒரு வாரம் அலுவலகத்துக்கு வந்து செய்து பாருங்கள்" என்று அழைக்காதீர்கள். பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அனுமதியில்லாத வேலை. மாதிரிப் பயிற்சியோடு நிறுத்துங்கள். அவர் செய்து தந்ததை உங்கள் தயாரிப்பில் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ சில நாள் சம்பளத்துக்கு வைத்துப் பார்க்கலாம். ஊதியம் மாதத்துக்கு 50 வெள்ளியைத் தாண்டினால் சேமநிதிப் பங்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

9. முன்பு கூட வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் முன்னாள் மேலாளராக இருக்க வேண்டும். விண்ணப்பதாரர் கொடுத்த பெயர்களை, அவர் சம்மதத்தோடு மட்டும் அழையுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். "எந்த வேலையைக் கடைசி வரை தள்ளிப்போடுவார்?", "அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை விசாரிக்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் தயக்கமும் ஒரு தகவல்தான்.

அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மறைமுகமாக விசாரிக்காதீர்கள். சங்கம், கோயில், பழைய மாணவர் கூட்டம் என்று எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சமூகம் இது. உங்கள் விசாரணை அவர் முதலாளியின் காதுக்கு மாலைக்குள் போய்விடும்.

10. சம்பளமும் பங்குரிமையும்

பெரிய நிறுவனத்தோடு சம்பளத்தில் போட்டியிட முடியாது. அதை முதல் உரையாடலிலேயே சொல்லிவிடுங்கள். பதிலாகப் பங்கு வாங்கும் உரிமை தருவதானால் தெளிவாகத் தாருங்கள். "உங்களுக்கு 10,000 பங்கு" என்பதற்கு அர்த்தமே இல்லை. மொத்தம் பத்து இலட்சம் பங்கு இருந்தால் அது 1 விழுக்காடு; ஒரு கோடி இருந்தால் 0.1 விழுக்காடு. மொத்த எண்ணிக்கை, வாங்கும் விலை, எத்தனை ஆண்டில் முழு உரிமை, விலகினால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் ஆகிய நான்கையும் எழுத்தில் கொடுங்கள்.

நான்கு ஆண்டில் முழு உரிமை, முதல் ஆண்டு முடியும் வரை எதுவும் இல்லை என்பது வழக்கமான ஏற்பாடு. உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது, அன்றைய சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சிங்கப்பூரில் வேலை வருமானமாக வரிக்கு உட்படும். விற்க முடியாத பங்குக்கு வரி கட்ட நேரலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றியதாகவே நினைப்பார்.

11. கடிதம்

வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்த அன்றே கடிதம் போக வேண்டும். வேலைநியமனச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியருக்கு, வேலை தொடங்கி 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தந்தாக வேண்டும்: பதவி, பொறுப்புகள், தொடங்கும் தேதி, வேலை நேரம், சம்பளக் காலம், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், விடுப்பு, மருத்துவ நலன்கள், தகுதிகாண் காலம், முன்னறிவிப்புக் காலம் முதலியன. இவற்றைப் பணிநியமனக் கடிதத்திலேயே சேர்த்துவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்களும் நிபுணர்களும் சம்பள உச்சவரம்பு இல்லாமல் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். "இது தொழிலாளர்களுக்கான சட்டம்" என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முன்னறிவிப்புக் காலத்தை எழுதாமல் விட்டால் சட்டத்தின் இயல்பு அளவு பொருந்தும்: 26 வாரத்துக்குள் வெறும் ஒரு நாள். உங்கள் ஒரே நிரலாளர் இன்று சொல்லிவிட்டு நாளை போகலாம். எழுதுங்கள். ஆனால் இரு தரப்புக்கும் ஒரே காலமாக இருக்கட்டும்.

வெளிநாட்டவருக்கு அனுப்பும் கடிதத்தில் "வேலை அனுமதி கிடைத்தால் மட்டுமே இந்த நியமனம் செல்லும்" என்ற வரி கட்டாயம். அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை தற்போதைய வேலையை விட வேண்டாம் என்று அவரிடம் நீங்களே சொல்லுங்கள். இந்தியாவில் பலருக்கு முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதம். ஆகவே அவசரத்தில் இருப்பது நீங்கள்தான். இருந்தும், அனுமதி மறுக்கப்பட்டால் நடுத்தெருவில் நிற்பது அவர். ஒப்புதல் கடிதம் ஆறு மாதம் செல்லும் என்பதால் இந்தக் காத்திருப்புக்கு இடமுண்டு.

12. முதல் நாளிலிருந்து தகுதிகாண் காலம் முடியும் வரை

முதல் வாரத்தில் முடித்துவிடக்கூடிய ஒரு சிறு வேலையைத் தயாராக வைத்திருங்கள், வாடிக்கையாளர் கண்ணில் படும் வேலையாக. கணினி, மின்னஞ்சல், கடவுச்சொற்கள் முந்தின நாளே தயாராகட்டும். ஆவணங்களைப் படிக்கச் சொல்லி இரண்டு வாரம் உட்கார வைத்தால் நல்ல ஆள் மூன்றாவது வாரத்தில் மற்ற நிறுவனங்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், விவரமான சம்பளச் சீட்டும் போக வேண்டும். சேமநிதிப் பங்கு அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள். தவறினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி. ஐந்து ஊழியர்களாகிவிட்டால் ஆண்டு வருமான விவரங்களை மார்ச் 1க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு மின்வழியில் அனுப்புவதும் கட்டாயம்.

முதல் மாத முடிவிலும் இரண்டாம் மாத முடிவிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு பக்கத்தை நடுவில் வைத்துப் பேசுங்கள். எது நடக்கிறது, எது நடக்கவில்லை, எது உங்கள் பக்கத் தாமதம். பேசியதை மூன்று வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். குறை சொல்லத் தயங்கி, மூன்றாம் மாதக் கடைசி நாளில் மொத்தமாகக் கொட்டுவதுதான் நம் நிறுவனங்களில் அதிகம் நடக்கிறது. கேட்பவருக்கு அது இடி விழுந்த மாதிரி இருக்கும், திருத்திக்கொள்ள நாளும் இருக்காது.

தகுதிகாண் காலம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே உறுதி செய்வதா, நீட்டிப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுத்து எழுத்தில் கொடுங்கள். நீட்டிப்பதானால் எவ்வளவு காலம், எந்த இலக்கு என்று அதே கடிதத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டவரை அனுப்புவதானால் வரி நிலுவை இல்லை என்பதற்கான ஐஆர்21 படிவத்தை அவர் விலகுவதற்கு ஒரு மாதம் முன்பாகவே ஆணையத்திடம் தாக்கல் செய்து, பாக்கித் தொகையை வரி விடுவிப்பு வரும் வரை நிறுத்திவைக்க வேண்டும். அவருடைய கடைசி வேலை நாளுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். ஆகவே வெளிநாட்டவர் விஷயத்தில் இரண்டு வாரம் போதாது; முடிவை இன்னும் முன்கூட்டியே எடுத்தால்தான் இந்தத் தேதிகளுக்குள் எல்லாம் அடங்கும்.